குடும்பத்தைக் கொன்றவனைத் தேடும் பெண்: படத்தில் அரிவாள், நிஜத்தில் எது? கோவில்பட்டி சொல்லும் பதில்

கணவனையும் குழந்தையையும் பறிகொடுத்த ஒரு பெண். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். சட்டம் வருமென்று காத்திருக்க அவள் தயாரில்லை. ஒவ்வொருத்தனாகத் தேடிப் போகிறாள்.

இந்த ஒரு வரிக் கதை உலகம் முழுக்க ஓடுகிறது. ஓடிடி தளத்தில் எந்த மொழியைத் தட்டினாலும் இப்படி ஒரு த்ரில்லர் வந்து விழும். நம்ம ஊரில் இதற்கு நேரான படம் ‘சாணிக் காயிதம்’. அருண் மாதேஸ்வரன் இயக்கத்தில் 2022 மே 6 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. கீர்த்தி சுரேஷ் அதில் பொன்னி என்ற போலீஸ் கான்ஸ்டபிள். துணைக்கு வரும் சங்கையாவாக செல்வராகவன். கதை நடப்பது 1980-களின் கடைசியில். போலீஸ் உடுப்புப் போட்ட பெண்ணே போலீசை நம்பாமல் கிளம்புகிறாள் என்பதுதான் அந்தப் படத்தின் அடிவயிற்றுக் குத்து.

படம் பார்க்கும்போது நாமும் பொன்னி பக்கம்தான் நிற்கிறோம். கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. நிஜத்தில் ஒரு குடும்பத்துக்கு இப்படி ஆனால், மிச்சமிருப்பவர் என்ன செய்ய முடியும்? கொலை செய்தவரை சட்டத்தின் வழியாக விரட்டிப் பிடிக்க முடியுமா? அதற்கு எது தேவைப்படும்?

இதற்கு பதில் தேட நாம் போகவேண்டிய ஊர் கோவில்பட்டி.

ஏன் கோவில்பட்டி?

கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். சுற்றிலும் கரிசல் காடு. மழையை நம்பிய மானாவாரி விவசாயம். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

தமிழில் வந்த முக்கியமான பழிவாங்கல் கதைகளில் ஒன்று இந்த மண்ணில் விளைந்ததுதான். பூமணி எழுதிய ‘வெக்கை’ நாவல், 1982-ல் வெளிவந்தது. பூமணியின் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கத்து ஆண்டிபட்டி. 2014-ல் ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக சாகித்ய அகாடமி விருது பெற்றவர். ‘வெக்கை’யைத்தான் வெற்றிமாறன் ‘அசுரன்’ என்று படமாக்கினார். 2019 அக்டோபர் 4 அன்று தனுஷ், மஞ்சு வாரியர் நடித்து வெளிவந்த அந்தப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது வாங்கியது.

நாவலின் கதை இதுதான். சிதம்பரம் என்ற 15 வயதுப் பையனின் அண்ணனைக் கொன்றுவிடுகிறார்கள். அதற்குக் காரணமான வடக்கூரானை அந்தப் பையன் வெட்டிவிடுகிறான். நாவல் தொடங்குவதே அந்த வெட்டில்தான். மற்ற படங்களில் கிளைமாக்ஸில் வருவது இங்கே முதல் காட்சி. மீதிக் கதை முழுக்க அப்பாவும் மகனும் காடு மேடாக ஒளிந்து திரிவதுதான். சோற்றுக்கு என்ன வழி, தண்ணீர் எங்கே கிடைக்கும், வீட்டில் அம்மாவும் தங்கையும் என்ன ஆனார்கள் என்ற கவலைதான் பக்கம் பக்கமாக ஓடுகிறது. கடைசியில் அவர்கள் நடந்து போவது கோர்ட்டில் சரணடைய.

பழி தீர்த்த பிறகும் ஒரு குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பதை கரிசல் காட்டு எழுத்தாளர் 40 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

பழிவாங்கல் கதை ஏன் நம்மை இழுக்கிறது?

ரத்தம் பார்க்கும் ஆசை என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சட்டத்தின் கதவு சாத்தியிருக்கும்போது பிறக்கிற கதை இது.

1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் 44 தலித் விவசாயக் கூலிகளும் அவர்கள் குடும்பத்தாரும் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கீழ் கோர்ட்டு நிலச்சுவான்தார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைத் தண்டித்தது. 1970-களில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் விட்ட இடத்தில் அரிவாள் புகுந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. ‘அசுரன்’ படத்தில் வரும் குடிசை எரிப்புக் காட்சி பலருக்கும் வெண்மணியை நினைவூட்டியது அதனால்தான்.

ஆக, “சட்டம் பார்த்துக்கொள்ளும், நீங்க சும்மா இருங்க” என்று யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. சட்டம் தானாகப் பார்த்துக்கொள்வதில்லை. யாராவது அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு 2020-ல் கோவில்பட்டியில் ஒரு வழக்கு உருவானது.

2020 ஜூன்: என்ன நடந்தது?

கொரோனா ஊரடங்கு நேரம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர்கள் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும்.

* ஜூன் 19: அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜை போலீஸ் அழைத்துப்போனது. அப்பாவைத் தேடிக்கொண்டு பென்னிக்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இரண்டு பேரும் அன்று வீடு திரும்பவில்லை.
* ஜூன் 20: மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் வாங்கி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.
* ஜூன் 22 இரவு: பென்னிக்ஸ் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்.
* ஜூன் 23 அதிகாலை: ஜெயராஜும் அங்கேயே இறந்தார்.

ஒரே வீட்டில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு சாவு. மிச்சமிருந்தது மனைவியும் மகள்களும். கைகாட்ட வேண்டிய இடமோ போலீஸ் ஸ்டேஷன். புகாரை எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் மீதே புகார்.

படமாக இருந்தால் இங்கே அந்தப் பெண் அரிவாளை எடுத்திருப்பாள். இங்கே நடந்தது வேறு.

அந்த முதல் 100 நாட்கள்: வழக்கு எப்படி நின்றது?

ஒரு கொலை வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே முடிவாகிவிடும். சாத்தான்குளம் வழக்கில் நான்கு விஷயங்கள் சரியான நேரத்தில் நடந்தன.

1. உடல் பேசியது

நடவடிக்கை எடுக்காமல் உடல்களை வாங்க மாட்டோம் என்று குடும்பத்தினர் முதலில் உறுதியாக நின்றார்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பிரேதப் பரிசோதனை செய்தது. அது முழுக்க வீடியோவில் பதிவானது. காவலில் ஒருவர் இறந்தால் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1990-களிலிருந்தே வலியுறுத்தும் விஷயம். பின்னால் யார் என்ன சொன்னாலும் உடலில் இருந்த காயங்களை மாற்றி எழுத முடியாது.

2. இடம் காக்கப்பட்டது

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த விவகாரத்தைத் தானாகவே கையில் எடுத்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு அது. கோவில்பட்டி முதலாவது நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் விசாரணைக்காக சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே போனார். அங்கே போலீசார் ஒத்துழைக்கவில்லை, மரியாதைக் குறைவாகப் பேசினார்கள் என்று அறிக்கை அனுப்பினார். ஸ்டேஷன் சிசிடிவி, பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. சம்பவ ராத்திரியின் காட்சிகள் இல்லை.

உடனே உயர் நீதிமன்றம் ஓர் அசாதாரண உத்தரவு போட்டது. போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. தாசில்தார் அந்தஸ்து அதிகாரிகள் ஸ்டேஷனுக்குக் காவல் இருந்தார்கள். தடயங்கள் கலைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

3. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது

இந்த வழக்கின் திருப்பம் இதுதான். அன்று ராத்திரி ஸ்டேஷனில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, பார்த்ததை நடுவரிடம் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அதை அழித்துவிடக் கூடும் என்று அவர் சொன்னதை நடுவர் தன் அறிக்கையில் பதிவு செய்தார். வெளியே சக போலீசார் நிற்கும்போதே அவர் இதைச் சொன்னார். கையெழுத்துப் போடப் பயந்தார், பிறகு போட்டார். அவருக்குப் பாதுகாப்பும் சம்பளத்துடன் விடுப்பும் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

‘சாணிக் காயிதம்’ படத்திலும் ஒரு பெண் போலீஸ்தான் நாயகி. கோவில்பட்டி வழக்கிலும் ஒரு பெண் போலீஸ்தான் திருப்பம். படத்தில் அவள் ஆயுதம் எடுத்தாள். இங்கே இவர் வாயைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டில் எதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

4. விசாரிக்கிறவர்கள் மாறினார்கள்

உள்ளூர் போலீசிடமிருந்து வழக்கு முதலில் சிபி-சிஐடி கைக்குப் போனது. ஜூலை 1 அன்று கைதுகள் தொடங்கின. அடுத்த வாரமே சிபிஐ ஏற்றுக்கொண்டது. மொத்தம் 10 போலீசார் கைதானார்கள். அதில் ஒருவர் காவலில் இருக்கும்போதே கொரோனாவில் இறந்தார். மற்ற 9 பேர் மீது 2020 செப்டம்பர் கடைசி வாரத்தில் சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இந்தத் தேதி முக்கியம். கொலை வழக்கில் கைதானவர் மீது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், அவர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம். அந்த 90 நாள் முடியும் முன்பே இங்கே குற்றப்பத்திரிகை வந்துவிட்டது.

அதோடு குடும்பத்தின் வேலை முடிந்துவிடவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஜாமீன் கேட்டபோதெல்லாம் ஜெயராஜின் மனைவி எதிர்ப்புத் தெரிவித்தார். விசாரணையை வேகப்படுத்தச் சொல்லியும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-ல் ஆறு மாதத்தில் முடிக்க உத்தரவு வந்தது. அந்தக் கெடு பிறகு பலமுறை நீண்டது. சட்ட வழி எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கும் இதே வழக்குதான் சாட்சி.

மகனுக்காக ஒரு தாய்: கோகுல்ராஜ் வழக்கு

சரி, கடைசி வரை போய் ஜெயித்த வழக்கு உண்டா? உண்டு.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவிலில், வேறு சமூகத்தைச் சேர்ந்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் அவரை அழைத்துப்போனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பார்த்தால் தற்கொலை மாதிரி.

அவருடைய தாய் அதை ஏற்கவில்லை. கொலை வழக்காக மாற்றவும், நாமக்கல்லில் நடந்த விசாரணையை மதுரைக்கு மாற்றவும், நம்பிக்கையான அரசு வழக்கறிஞரை நியமிக்கவும் அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். நடுவில் அந்தத் தோழியே பிறழ்சாட்சியாக மாறினார். ஆனால் கோவிலில் இருந்த சிசிடிவி காட்சி மாறவில்லை.

2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து ஆயுள் தண்டனை விதித்தது. யுவராஜுக்கு சாகும்வரை சிறை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோவிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜுக்கான தண்டனையை உறுதி செய்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் தண்டனை குறைந்தது.

மகன் இறந்ததிலிருந்து கீழ் கோர்ட்டு தீர்ப்பு வரவே கிட்டத்தட்ட ஏழு வருஷம். அந்தத் தாய் தேடியதும் மகனைக் கொன்றவர்களைத்தான். கையில் இருந்தது மனு.

உங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒன்று நடந்தால்: சட்டம் என்ன தருகிறது?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) வந்துவிட்டன. கொலையானவரின் வாரிசும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்றே சட்டத்தில் கணக்கு. அதனால் கீழே உள்ள உரிமைகள் அவர்களுக்கும் உண்டு.

* எஃப்ஐஆர்: சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.
* விசாரணை நிலவரம்: விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். போனில் மெசேஜாக வந்தாலும் செல்லும்.
* ஆவணங்கள்: உங்களுக்கு வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகை நகலும் சாட்சி வாக்குமூலங்களும் இலவசமாகக் கிடைக்கும்.
* சொந்த வக்கீல்: வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர்தான். கோர்ட்டு அனுமதித்தால் அவருக்கு உதவியாக உங்கள் தரப்பு வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம்.
* ஜாமீனில் உங்கள் குரல்: விசாரணை தொடங்கியதிலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜாமீன் மனு விசாரணைக்கும் இது பொருந்தும்.
* மேல்முறையீடு: குற்றவாளியை விடுதலை செய்தாலோ, சின்ன குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு போதவில்லை என்றாலோ, அரசு போகாவிட்டாலும் நீங்களே மேல்முறையீட்டுக்குப் போகலாம். விடுதலையை எதிர்த்துப் போக தனி அனுமதி தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.
* இழப்பீடு: கொலை செய்தவர் யார் என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம்.
* காவல் மரணம்: மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். முடிந்தவரை உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடி குடும்பங்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு மேலும் தனி உரிமைகள் உண்டு. ஜாமீன் மனு வரும்போது முன்கூட்டியே தகவல் பெறுவதும், விசாரணையில் பேசுவதும் அதில் சேரும்.

“சாட்சி சொன்னா எங்களைச் சும்மா விடுவாங்களா?”

கிராமத்தில் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான பயம். குற்றம்சாட்டப்பட்டவர் அடுத்த தெருக்காரராக இருப்பார். வேலை கொடுக்கிறவராகவும் இருக்கலாம்.

இதற்காகத்தான் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுக்கச் செல்லும் சட்டமாகவே அறிவித்தது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும். அங்கே மனு கொடுத்தால் டிஎஸ்பி அளவிலான அதிகாரி மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்று அறிக்கை கொடுப்பார். அதைப் பொறுத்து வீட்டுக்குக் காவல், சிசிடிவி, சாட்சியின் அடையாளத்தை மறைப்பது, தற்காலிகமாக வேறு இடத்தில் தங்கவைப்பது வரை உத்தரவு போடலாம். உயிருக்கே ஆபத்து என்றால் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. விசாரணைக் காலத்திலேயே மாஜிஸ்திரேட் முன்பு வாக்குமூலம் கொடுத்துவிடலாம். போலீசிடம் சொன்னதைவிட இதற்கு மதிப்பு அதிகம். பின்னால் மிரட்டி மாற்றச் சொன்னாலும் முதலில் சொன்னது கோர்ட்டு பதிவில் இருக்கும்.

“ஆத்திரத்துல வெட்டிட்டா தண்டனை குறையும்னு சொல்றாங்களே?”

பாதி உண்மை. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில், தன்னைக் கட்டுப்படுத்த முடியாத அந்த நொடியில் நடந்தால் அது கொலையாகாத மரணமாகக் கருதப்படலாம். நடுவில் மனசு ஆறுவதற்கு நேரம் இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. நானாவதி வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாள் கணக்கில் தேடி, ஆள் சேர்த்து, திட்டம் போட்டுக் கொன்றால் அது கொலை. பிஎன்எஸ் 103-வது பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள். கூட வந்தவர்கள் மீது சதி வழக்கு. பொன்னியும் சங்கையாவும் இன்றைய கோர்ட்டில் நின்றால் இதுதான் நிலைமை. ‘வெக்கை’ சிதம்பரம் 15 வயதுப் பையன் என்பதால் இன்று இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறப்பு இல்லத்தில் இருப்பான். அவன் அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். நீங்கள் வெட்டியவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும். தென் மாவட்டங்களில் ‘பழிக்குப் பழி’ என்று தலைப்புப் போட்டு நாங்கள் அடிக்கடி செய்தி வெளியிடுகிறோம். அதில் சிலவற்றில், கொன்றவர் பழைய வழக்கின் மகனோ தம்பியோதான். தன் குடும்பத்துக்கு நியாயம் கேட்டுப் போனவர், தன் பிள்ளையை அடுத்த பலியாக்கிவிட்டுப் போகிறார். மேலும், நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறிய நிமிஷமே உங்கள் வீட்டுச் சாவுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் போகும்.

முதல் 48 மணி நேரத்தில் என்ன செய்வது?

அழுகையும் குழப்பமுமாக இருக்கிற நேரம் அது. வீட்டில் நிதானமாக இருக்கிற ஒருவர் இந்த வேலைகளை எடுத்துக்கொள்ளட்டும்.

1. சம்பவ இடத்தைக் கழுவவோ கலைக்கவோ விடாதீர்கள். துணி, செருப்பு, செல்போன் எதையும் எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து படம் எடுத்துவையுங்கள்.
2. பக்கத்துக் கடை, வீடு, பெட்ரோல் பங்க் சிசிடிவி எங்கே இருக்கிறது என்று குறித்து, பதிவை அழிக்காமல் வைக்கும்படி போலீசுக்கு எழுத்தில் கொடுங்கள். பல இடங்களில் சில நாளிலேயே பழைய பதிவு தானாக அழிந்துவிடும். போலீஸ் ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஒரு வருஷம் வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.
3. சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு முன்பே வீடியோ பதிவு கேட்டு மனு கொடுங்கள். அவசரப்பட்டு எரிக்க வேண்டாம். புதைத்தால் மறுபரிசோதனைக்கு வழி இருக்கும்.
4. வாயால் சொன்னது நிற்காது. கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்குங்கள்.
5. வக்கீலுக்குக் காசு இல்லையென்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. பெண்கள் உதவி எண் 181.

கடைசியாக

கணவனைப் பறிகொடுத்து நியாயம் கேட்டுப் போன பெண் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருகிறவள் கண்ணகி. மதுரை எரிந்ததை மட்டும்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் அவள் பாண்டியன் அவைக்குப் போனாள், வழக்குரைத்தாள். ராணியின் சிலம்பில் இருப்பது முத்து, என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். ராஜா விழுந்தது அந்தத் தடயத்தில்தான். நெருப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது.

கோவில்பட்டி வழக்கிலும் அதேதான். ஒரு பிரேதப் பரிசோதனை வீடியோ, பூட்டிக் காத்த ஒரு ஸ்டேஷன், பயந்துகொண்டே போட்ட ஒரு கையெழுத்து. போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடந்த ஒரு சம்பவம் 9 போலீசார் மீதான கொலைக் குற்றப்பத்திரிகையாக மாறியது இந்த மூன்றும் கிடைத்ததால்தான். அடுத்த முறை இப்படி ஒரு த்ரில்லர் பார்க்கும்போது, ஹீரோயின் அரிவாளை எடுக்கும் காட்சியில் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: அந்த ஊரில் பார்த்ததைச் சொல்ல ஒரே ஒரு ஆள் முன்வந்திருந்தால், அந்தப் படமே எடுக்க வேண்டியிருந்திருக்குமா?